சின்னவன் தின்ற திராட்சை

"எத்தனை பழம் இருக்கும்?" என்று கேட்டார் நாய் டாக்டர்.

மச்சான் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினான்.

டாக்டர் தராசைப் பார்த்தார். பதினோரு கிலோ. மறுபடி மச்சானின் கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னவனோ ஸ்டீல் மேசையில் நகம் வழுக்க நின்றுகொண்டு, எல்லாரையும் பார்த்து வாலை ஆட்டினான். ஏதோ பிறந்தநாளுக்கு வந்தவன் மாதிரி.

"இப்ப இப்படித்தான் இருப்பான். திராட்சை உடனே காட்டாது. ரெண்டு நாள்ல கிட்னியில காட்டும். எப்ப தின்னான்னு மட்டும் சரியாச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சிடலாம். தாண்டிடுச்சுன்னா வேற வைத்தியம். நேரத்தை வீணாக்கக் கூடாது."

மணி நாலே கால்.

மச்சான் தலையைச் சொறிந்தான்.

இவன் எப்போதும் இப்படித்தான். என் மனைவியின் தம்பி. நான்கு மாதமாக எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடுகிறான். பெரும்பாலும் சோபாவுக்குள் தேடுகிறான். நாங்கள் அவனை நம்பிக் கொடுத்த ஒரே பொறுப்பு, பகலில் பிள்ளைகளையும் நாயையும் பார்த்துக்கொள்வது.

அதற்கும் ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டியிருந்தேன். திராட்சை, உலர்திராட்சை, செர்ரி, அவகாடோ. நாய்க்குக் கூடாது. திராட்சைக்கு அடியில் இரண்டு கோடு.

அந்தத் திராட்சையை வாங்கியதே என் இளைய மகனுக்காக. ஏழு வயது. பழத்தைக் கண்டால் உதட்டைப் பூட்டிக்கொள்வான். விடுமுறைதானே, கண்ணெதிரே கிடந்தால் ஒருநாள் தின்ன மாட்டானா என்று கிண்ணத்தோடு சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

மூன்றரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பிய என் மனைவிதான் காலிக் கிண்ணத்தைப் பார்த்து, நாய் தின்றதைக் கேட்டு அலறியிருக்கிறாள். எனக்குப் போன் செய்ததும் அவள்தான்.

இப்போது அவள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"காலையிலயா, மதியமா?" என்றார் டாக்டர்.

"மதியம்," என்றான் மச்சான்.

"மதியம்னா எத்தனை மணி?"

அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். பார்த்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். போனைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"இங்க வந்துமாடா போனு?" எனக்குப் பொறுக்கவில்லை. "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்திடும்? தின்னதைக் கண்ணால பார்த்திருக்க. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு போன்!"

என் மனைவி, "அவன்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். அது அவனைத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மச்சான் தரையைப் பார்த்தான்.

"தோணல அத்தான்," என்றான்.

தோணவில்லையாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இனி நான் வேலை பார்க்கும் கிடங்குக்குத் திரும்பிப் போக முடியாது, அதையாவது சொல்லிவிடுவோம் என்று என் போனை எடுத்தேன்.

வந்த அழைப்புகளில் மேலே மனைவி. அடுத்து லாரிக்காரர்.

அதற்குக் கீழே, மச்சான். மதியம் 1.12. இருபத்திரண்டு விநாடி.

அப்போது கிடங்கு வாசலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சீட்டு. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

"அத்தான், சின்னவன் திராட்சை அத்தனையும் தின்னுட்டான். ஒண்ணும் ஆகாதே?"

வீட்டில் அந்தப் பெயர் முதலில் இருந்தது என் மகனுக்கு. பிறந்ததிலிருந்து அவன்தான் சின்னவன். நாய்க்குட்டி வந்த அன்று அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இனிமேல் இவன்தான் நம்ம சின்னவன் என்று பெயரை மாற்றிக் கொடுத்தது நான். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது.

லாரி இரைச்சலில் எனக்கு மட்டும் பழைய சின்னவன் காதில் விழுந்திருக்கிறான்.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"தின்னட்டும் விடுடா! பழம்தானே, என்ன ஆகும்? இன்னும் கேட்டாலும் குடு."

மச்சான் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பேனாவைச் சீட்டின் மேல் வைத்துக் காத்திருந்தார். சின்னவன் என் கையை நக்கினான்.

"மணி ஒண்ணு பத்து இருக்கும் டாக்டர்," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது என்று கணக்குப் பார்த்து, டிரிப்ஸ் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

என் மனைவிதான் நிமிர்ந்து பார்த்தாள்.