முயல் வந்த வழி

"அண்ணி, அமிக்கோட கண்ணியில எவனோ கை வைக்கிறான். பனியில தடம் கிடக்கு. வா, காட்டுறேன்!"

நாத்தனார் சிக்வன் இழுத்த இழுப்பில், கொதிக்கிற முயல் கறியைக்கூட இறக்காமல் ஓடினாள் வவாத்தே. அடுத்தவர் விஷயம் என்றால் இருவருக்கும் குளிர் தெரியாது.

அமிக்குக்கு ஒரு கால் முடம். முயலுக்குக் கண்ணி வைத்துத்தான் இந்தக் குளிர்காலத்தை ஓட்டுகிறான். பங்கு இறைச்சி கொடுத்தனுப்பினால், "கால்தானே போச்சு, கை இருக்குல்ல" என்று திருப்பி அனுப்பும் ரோஷக்காரன். அவனிடம் போய்த் திருடுவதா?

"ஆள் மட்டும் கிடைக்கட்டும், ஒருத்தரும் அவனை வேட்டைக்குச் சேர்க்கக் கூடாது" என்றாள் சிக்வன்.

"முகத்துலயே முழிக்கக் கூடாது" என்றாள் வவாத்தே.

கண்ணிக்குப் பக்கத்தில், பனியில் கால் புதையாமல் நடக்கப் போடும் பனிச்செருப்பின் தடம். குனிந்து பார்த்த வவாத்தே குதிகால் பதிவை விரலால் தடவினாள்.

எங்கள் அல்கோன்குவின் பழங்குடியில் செருப்புக்கு மரச்சட்டம் வளைப்பது ஆண்கள், அதில் தோல்வார் பின்னுவது பெண்கள். ஒருத்தி பின்னல் இன்னொருத்திக்கு வராது. குதிகாலில் பதிந்திருந்த இரட்டை முடிச்சு வவாத்தே போட்டது. செருப்பு அவள் புருஷன் நிகிக்குடையது.

அப்படியானால் அடுப்பில் கொதிப்பது யார் முயல்?

"யாரு பின்னல்னு தெரியுதா அண்ணி?"

"தெரியலையே" என்றபடி, கால் இடறியவள் போல அந்தத் தடத்தை மிதித்துக் கலைத்தாள்.

"அட, கண்ணியில முயல் இருக்கே! திருடன் ஏன் விட்டுட்டுப் போனான்?"

முயல் விறைத்துக் கிடந்தது. வவாத்தே சுற்றிலும் பார்த்தாள். நேற்று ராத்திரி பெய்த புதுப்பனி. செருப்பு வந்த தடம் இருக்கிறது, போன தடம் இருக்கிறது. முயல் வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"இது என்ன, பறந்தா வந்துச்சு?" என்ற சிக்வன், அண்ணி மிதித்துக் கலைத்த தடத்தைப் பார்த்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி... எங்க அண்ணனா இதைக் கொண்டாந்து மாட்டினது?"

வவாத்தேவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டினாள்.

மரங்களுக்கு அப்பால் அமிக்கின் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"அந்தக் கிளையை ஒடிச்சுச் செருப்புத் தடத்தைக் கூட்டு, சீக்கிரம்! நம்ம தடத்தைக் கேட்டா, விறகுக்கு வந்தோம்னு சொல்லிக்கலாம்."

சிக்வன் கூட்டினாள். வவாத்தே முயலின் விறைத்த காலைப் பிடித்து, புதரிலிருந்து கண்ணிவரை பனியில் ஒவ்வொன்றாகத் தடம் பதித்துக்கொண்டே வந்தாள்.

"இந்த ஆம்பளைங்க எந்த வேலையைத்தான்டி முழுசா முடிச்சிருக்காங்க?"