மின்மினிக்கு எண்ணெய்

"சுவக்கீன் இன்னும் வரலையா, ராமபத்ரன்? எனக்கு அஞ்சு மணிக்கு ரயில்."

மதராஸிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சிவராமகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாலக்காட்டுக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ராமபத்ரன் வாசலை எட்டிப் பார்த்தான்.

பரிசோதனை இதுதான். குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் பிடித்த மின்மினிகளின் வாலை உலர்த்திப் பொடித்துத் தண்ணீரில் கலந்தால், கொஞ்ச நேரம் ஒளிவிட்டு அணைந்துவிடும். ஆட்டுத்தசையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை அதில் ஒரு சொட்டு விட்டால் மறுபடி எரியும். எரிந்தால் ராமபத்ரனுக்கு மதராஸில் ஆராய்ச்சி இடம். எரியாவிட்டால் பையன்களுக்கு உப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தே ஆயுசு தீர வேண்டியதுதான்.

தசை வாங்கி வருவது அட்டெண்டர் சுவக்கீனின் வேலை. கொழிஞ்சாம்பாறைக்குப் போன மனிதரைக் காணவில்லை. கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த ராமபத்ரன் தானே போய்க் கசாப்புக் கடை வாசலில் நிற்பதா? நின்றால் சாயங்காலத்துக்குள் தெருத் தெருவாகச் செய்தி போய்விடும். அதைவிட உப்பே மேல் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது அவன் மனைவி பாகீரதி வேகமாக உள்ளே வந்தாள். மத்தியானம் சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து அவன் புலம்பியதையெல்லாம் கேட்டவள். கையில் ஒரு சின்னக் குப்பி.

"ஏன்னா, இந்தாங்கோ. நன்னாக் கொதிக்கவெச்சு, துணியில வடிகட்டிருக்கேன்."

"என்னது இது?"

"உங்க மின்மினிக்கு எண்ணெய்."

ராமபத்ரன் அவளை ஓரமாக அழைத்துப்போனான். "நீயா போனே? ஈஸ்வரா! யாராவது பாத்தாளா?"

"ஒருத்தரும் பாக்கலை. பேசிண்டே நிக்காதீங்கோ, அவருக்கு வண்டிக்கு நாழியாறது கேட்டேளா."

"பக்குவமெல்லாம் சரியா..."

"ஆறு மாசமாத் தூக்கத்துலகூட இதையேதானே சொல்றேள்! எனக்குத் தெரியாதா?"

ஜன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகல் கும்மிருட்டானது. சோதனைக்குழாயில் மின்மினிப்பொடி கலந்த நீர் மங்கலாக மினுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. ராமபத்ரன் குப்பியைத் திறப்பது சத்தமாகத்தான் தெரிந்தது.

"விடுங்க," என்றார் பேராசிரியர்.

ஒரு சொட்டு விழுந்தது.

குழாய் எரிந்தது. புகை இல்லை, சூடு இல்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிச்சம் மட்டும் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்தது. முதலில் ராமபத்ரனின் விரல்கள் தெரிந்தன. பிறகு பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. எத்தனையோ பார்த்துவிட்ட அந்தப் பெரிய மனிதர் "ஆஹா" என்றார்.

பாகீரதி தன்னையறியாமல் முந்தானைக்குள்ளேயே கை கூப்பியிருந்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"செத்து மாசக்கணக்காச்சும்மா இந்தப் பூச்சி," என்று பேராசிரியர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "இதோட வால்ல லூசிபரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அதுதான் விளக்கு. இப்ப விட்ட சொட்டுல இருக்கிற ஏ.டி.பி.தான் எண்ணெய். வெளிச்சத்தை அளந்து பார்த்தா, எண்ணெய் எவ்வளவுன்னு துல்லியமாச் சொல்லிடலாம். உயிருள்ள எல்லாத்துலயும் இந்த ஒரே எண்ணெய்தான். பூச்சியோ, ஆடோ, நீங்களோ, நானோ!"

"இவர் சொல்லியிருக்கார். ஆனா கண்ணால பாக்கறபோது..." பாகீரதி குழாயை நோக்கிக் குனிந்தாள்.

பேராசிரியர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. "மதராஸ்ல நான் செஞ்சபோதுகூட இப்படி எரிஞ்சதில்லை, ராமபத்ரன். நல்ல ஊட்டமான ஆடு போலிருக்கு!"

பாகீரதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தாள்.

"ஜூன் மாசம் வந்து சேர்ந்துடுங்க," என்று கைகுலுக்கிவிட்டுப் பேராசிரியர் ரயிலுக்குப் புறப்பட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் ராமபத்ரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்தாலும் உள்ளே ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

"எப்படி எரிஞ்சுதுன்னா!" என்றாள் பாகீரதி. "இன்னும் கண்ணுலயே நிக்கறது."

"அது இருக்கட்டும். இப்பவாவது சொல்லு, எந்தக் கடைக்குப் போனே? நம்மளைத் தெரிஞ்சவா யாராவது..."

"கடைக்கு யார் போனா?"

"பின்னே?"

பாகீரதி முந்தானைக்குள்ளிருந்து இடக்கையை வெளியே எடுத்தாள். விரலில் துணிக்கட்டு.

"கோபம் வந்தா ரத்தம் கொதிக்கறதுன்னு எல்லாரும் வாயாலதான் சொல்லுவா. நான் என்னோடதை நிஜமாவே அடுப்புல வெச்சுக் கொதிக்கவெச்சேன்னா!"