கோட்டருகே கிடந்த கை

தர்சன் என் முன்பல் இரண்டையும் கழற்றினது முனாபின் கையால். முனாப் அந்நேரம் முப்பது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

பிளாஸ்ரிக் கைதான். ஆனால் நல்ல பாரம்.

உதைபந்தாட்ட இறுதி ஆட்டம், கடைசி நிமிடம். துறைமுகப் பொடியள் ஒரு கோல் முன்னுக்கு. லிங்கநகர் கப்டன் தர்சன் அடித்த பந்து ஆளில்லாத கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

துறைமுகத்துப் பக்கம் விளையாடின முனாப் பாய்ந்தான். எட்டவில்லை. அவனுடைய இடது கை மட்டும் கழன்று, பறந்துபோய்ப் பந்தில் பட்டது. பந்தும் கையும் கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் புதுமாப்பிள்ளை பொம்பிளை மாதிரிப் படுத்துக் கிடந்தன.

மத்தியஸ்தர் நான்.

கை உடம்போடு இயல்பாக இருந்ததா, விரிந்து நின்றதா என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். உடம்பை விட்டே போன கையை யார் பார்ப்பது? எறிந்திருந்தால் பெனால்டி. தானாகக் கழன்றிருந்தால் நான் சொல்வதுதான் முடிவு.

“பெனால்டியைக் குடு, கிழட்டு மூதேவி!” என்றான் தர்சன்.

“தானாக் கழண்டது தம்பி. விளையாடு.”

அதற்குத்தான் அந்த அடி.

பிறகு கோர்னர் கொடிக்கம்பு நாலும் பிடுங்குபட்டன. லைன்ஸ்மன் ஸஹாப்தீனின் காதை எவனோ கடித்துத் துப்பினான். கோல் காப்பாளனைக் கோல் வலையாலேயே சுற்றி, கரைவலையில் பட்ட சுறாவைப்போல மிதித்தார்கள். மூன்று மண்டை உடைந்தது. ஒன்று பார்க்க வந்தவனுடையது. பந்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

பொலிஸ் வந்து எல்லாம் அடங்கியது. முனாப் கையில் இருந்த என் ரத்தத்தைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, பக்கத்தில் குந்தினான்.

“கோணாமலை அண்ணை, அது தானாக் கழரேல்லை. நான்தான் கையைக் கட்டின வாரை இழுத்துவிட்டு எறிஞ்சனான்.”

“ஓம், கண்டனான்.”

அவன் வாயைப் பிளந்தான். நான் மணலில் பல்லைத் தேடினேன்.

பதினொரு வருசத்துக்கு முன்னம், நிலாவெளிக் கடலில், மீனுக்கு எறிய வைத்திருந்த டைனமைட் அவன் கையிலேயே வெடித்தது. எறிய நேரம் சுணங்கிப்போனேன் என்றுதான் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்கிறான்.

திரி வெட்டிக் கொடுத்தவன் நான். ஒரு விரற்கடை குறைத்து வெட்டினதை அவன் காணவில்லை.