மூன்று பதிப்பிலும் நிற்கும் பாலம்

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாப்பாட்டு மேசையில் இருக்கும் மூன்று லேப்டாப்புகளின் மேல் விழுந்து, எதில் எவ்வளவு தூசி என்று ஊருக்கே காட்டிக் கொடுக்கிறது. நடுவில் பல் டாக்டரம்மா. கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டு ஒன்றில் சேர்த்துக்கொள்ள அவள் செய்து கொடுத்த 'மாட்', அதாவது ஒரு பாலம், நாலாயிரம் பேரிடம் இருக்கிறது. நேற்று விளையாட்டின் புதுப் பதிப்பு வந்ததும் பாலம் மாயமாகி, அதற்கு மாறியவர்கள் அத்தனை பேர் ரயிலும் ஆற்றில் விழுந்துவிட்டது. திட்டு மட்டும் டாக்டரம்மாவுக்கு. புதுப் பதிப்பில் சரிசெய்துவிட்டாள்; சரிசெய்த பாலம் பழைய பதிப்புகளிலும் நிற்க வேண்டுமே, அதற்குத்தான் லேப்டாப்புக்கு ஒரு பதிப்பு. நடுப் பதிப்பிலும் ரயில் ஓடிவிட்டது. மிச்சம் ஐந்து வருடப் பழசு. "அதை எவன் இன்னும் வெச்சிருக்கான்? விட்டுத் தொலையேன்" என்கிறார் கணவர், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக. "பதினோரு பேர் வெச்சிருக்காங்க. அவங்க கம்ப்யூட்டர்ல புதுசு ஏறாதுங்க. அதுக்காக ஆத்துல தள்ளிடறதா?" மூன்றாவது திரையில் ரயில் பாலத்தை நெருங்குகிறது. லேப்டாப் மூச்சிரைக்கிறது. எஞ்சின் ஏறுகிறது, பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன, பாலம் அசையவில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கணவருடைய சட்டைக் காலரில் புகை வருவதை இருவருமே பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியும் அக்கரை சேர்கிறது. டாக்டரம்மா விரலில் நெட்டி முறிக்கிறாள், அவ்வளவுதான். அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேலையே இல்லாமல் பால்கனிக்குப் போய் நிற்கிறார். "என்ன சார், முகமெல்லாம் பல்லு?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். "என் பொண்டாட்டி ஒரு பாலம் கட்டியிருக்கா சார். பழைய ரயிலும் போகுது!"