குறிக்காமல் விட்ட பாறை

மீனவர் சங்க அறையில், மேசைமேல் விரித்த கடல் வரைபடத்தில் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. தூரத்தில் பீரங்கி அதிரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. “மீன் பிடிக்கிற இடத்தையெல்லாம் உங்க செயலாளர்தான் குறிச்சுக் கொடுத்தார். குறி இல்லாத இடத்துலதான் சுட்டுப் பழகுறோம்” என்கிறார் கடற்படை அதிகாரி. செயலாளர் தலை நிமிரவில்லை. அவரும் மைத்துனனும் மட்டும் ரகசியமாக மீன் அள்ளும் கடலடிப் பாறை அங்கேதான் இருக்கிறது. தெரிந்தால் ஊரே மொய்த்துவிடுமென்று, அதை மட்டும் அவர் குறிக்காமல் விட்டார். “அங்க வெறும் சேறுதாங்க. எவ்வளவு சுட்டாலும் சேறு சாகவா போகுது?” என்கிறார் ஒரு படகுக்காரர். அறையே சிரிக்கிறது. செயலாளரும் சேர்ந்து சிரிக்கிறார். “மாமா, நம்ம ரெண்டு வீட்டு அடுப்பும் அதனாலதானே எரியுது? வாயைத் திறங்க” என்று மைத்துனன் காதோரம் கெஞ்சுகிறான். செயலாளருக்குச் சிரிப்பை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.