வெட்டியது போக

தண்டபாணி புதுவீட்டில் பால் காய்ச்சியதை ஆள் வைத்து வீடியோ எடுத்திருந்தார். வெட்டி ஒட்டி டிவிடியில் ஏற்றி, வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பதாகப் பேச்சு. வேலை முழுக்க அவருடைய பழைய கம்ப்யூட்டர் தலையில் விழுந்தது. அதற்கோ சும்மா இருந்தாலே மூச்சிரைக்கும்.

"அண்ணே, எப்போ என்மேல படத்தை ஏத்துவாங்க?" என்று கேட்டது பக்கத்தில் காத்திருந்த வெற்று டிவிடி. "வீடு நிறைய ஜனம் உட்கார்ந்து என்னைப் பார்க்கணும்ணே. அது ஒண்ணுதான் ஆசை."

"பொறுடா. மனுஷன் இன்னும் வெட்டிக்கிட்டிருக்கார்."

சகலை கொட்டாவி விட்டதைத் தண்டபாணி இப்போதுதான் கவனித்தார். வெட்டினார். அத்தை யார் காதிலோ கிசுகிசுத்தாள். வீட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று அதையும் வெட்டினார். பெரியப்பா பாயசத்தை இலையில் மிச்சம் வைத்திருந்தார். மச்சான் சமையலறையை எட்டிப் பார்த்துச் சிரித்தான். இருவரும் போனார்கள். சடங்குக்குக் கூட்டி வந்த பசு மாடு அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. அதுவும் போயிற்று.

ஒருவழியாகக் கம்ப்யூட்டர் டிவிடியை உள்ளே இழுத்துப் படத்தை ஏற்றி முடித்தது. டிவிடி ஆசையாகத் தன்னை ஓட்டிப் பார்த்தது.

வாசலில் தண்டபாணி கைகூப்பி நிற்கிறார். "வாங்க, வாங்க" என்கிறார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "வாங்க, வாங்க."

"அண்ணே, யாரைக் கூப்பிடுறார்?"

"நீ போற வீட்டுல எல்லாம் அதைத்தான் கேப்பாங்க. பதிலை யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு, அடுத்த டிவிடிக்காக அலுப்போடு தட்டை நீட்டியது கம்ப்யூட்டர்.