நாலு மணித் தப்பு

“பிரபா, கொஞ்சம் இங்க வா.”

மணி நாலு. மௌரீன் மிஸ் கூப்பிட்டுவிட்டாள். பிரபா ஹெட்போனைக் கழற்றும்போதே மனசுக்குள் திட்ட ஆரம்பித்தாள்.

அமெரிக்க டாக்டர்கள் வாய் நிறைய வெற்றிலையோடு பேசுவதுபோல் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் ஆபீஸ் அது. பிரேசர் டவுனில் மாடியில் இருந்தது. நாற்பது பேர், நாற்பது ஹெட்போன். யாரும் யாரோடும் பேசுவதில்லை. வேலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பிரபாவிடம் நாள் முழுக்கப் பேசுகிற ஒரே ஆள், அடித்ததைச் சரிபார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கும் இந்த மௌரீன்தான்.

“ரெண்டாவது பக்கத்துல ஒரு தப்பு. மயால்ஜியா. உட்காரு, டிக்ஷனரியைப் பிரி.”

“தசை வலி மிஸ். ஆல்ஜியான்னு முடிஞ்சா வலி.”

“தெரியுதில்ல? அப்புறம் ஏன் கவனமா அடிக்க மாட்டேங்கிற?”

நேற்று நரம்பு வலி, முந்தாநாள் மூட்டு வலி. தினம் ஒரு தப்பு, அதுவும் வலியில்தான். திட்டிக்கொண்டே மௌரீன் பிளாஸ்கிலிருந்து இரண்டு கப்பில் டீ ஊற்றுவாள். கேக் ஒரு துண்டை நகர்த்துவாள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, அம்மாவிடம் போனில் பேசினாயா என்று கேட்பாள். காக்ஸ் டவுன் வீட்டில் அவள் தனி ஆளாம்.

பிரபாவுக்குக் கேக் ருசிக்காது. அப்பாவின் கம்பெனி மூடியதிலிருந்து வீடே இந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. மூன்று மாதப் பயிற்சி முடியப் போகிறது. தினம் ஒரு தப்பு என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? டீயைக் கொடுத்துக்கொண்டே பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் பாலசுப்ரமணியன் கூப்பிட்டார். போய் நின்றாள்.

“உங்க வேலை நிரந்தரம்மா. இந்தாங்க லெட்டர். இன்னையிலிருந்து உங்க ஃபைலை மௌரீன் மேடம் பார்க்க வேண்டாம். நேரா அமெரிக்காவுக்குப் போயிடும்.”

“சார், என் தப்பெல்லாம்...?”

“என்ன தப்பு?” அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். “மூணு மாசமா மேடம் உங்க பேருக்கு நேரா பூஜ்யம்தான் போட்டிருக்காங்க. நானும் ஆடியோவோட வெச்சுப் பார்த்துட்டேன். ஒரு எழுத்து மாத்தறதுக்கில்ல.”

மௌரீனின் கையெழுத்தில், தேதி வாரியாக, பூஜ்யங்கள். மயால்ஜியா தினத்துக்கும் பூஜ்யம்.

மணி நாலு ஆனது. யாரும் கூப்பிடவில்லை.

பிரபா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மௌரீன் பழக்க தோஷத்தில் இரண்டு கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினாள்.

பிரபாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்ஷனரியை எடுத்தாள். போய், எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“மிஸ், இன்னிக்கும் ரெண்டாவது பக்கத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன்.”